பன்னிரண்டு குஞ்சும் ஒரு மீன்வலையும்

மகன் தயாளனுக்கு உன் அப்பன் சொல்லி எழுதுவது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற கை உன் பெண்டாட்டி பவானியுடையது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். நான் சொல்வதைத்தான் இவள் எழுதுகிறாளா, தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்கிறாளா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தச் சந்தேகத்தையும் எழுதம்மா என்றேன். "எழுதிட்டேன் மாமா, அடுத்தது சொல்லுங்க" என்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியாதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று உனக்கு நான் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசித்தான் இந்த வீட்டில் இவ்வளவும் நடந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் உன்னிடம் இவள்மேல் ஒன்று சொன்னேன். கோழிக்கும் குஞ்சுக்கும் நடுவில் கட்டிய வலையைச் சரியாகக் கட்டாமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், மூன்று குஞ்சு செத்தது என்றேன். நீ அங்கே குஜராத்தில் உட்கார்ந்துகொண்டு இவளை வாங்கு வாங்கென்று வாங்கினாய். இவள் போனை வைத்தாள். உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அந்தப் பை வாசற்கதவு ஓரத்தில் இன்றைக்கும் இருக்கிறது. நீ கூப்பிட்டால் எடுப்பதில்லை. "மிச்சம் ஒம்போது குஞ்சையும் பெரிய கோழிங்களோட சேர்த்து வுட்டுட்டுப் போறேன் மாமா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். இன்றைக்குப் பொழுது சாயும்போது சேர்க்கப்போகிறாள். அதற்குமேல் இவளுக்கு இங்கே வேலையில்லை. அதனால்தான் காலையிலேயே உட்காரவைத்து எழுதச் சொன்னேன். வெளியாளிடம் போனால் வீட்டு விஷயம் அனகாபுத்தூர் சந்து முழுக்கப் போகும்.

சந்தேகப்பட்டுத்தான் உன்னை வளர்த்தேன், தயா. தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் முப்பது வருஷம் நின்றவன் வேறு எப்படி வளர்ப்பான்? டோக்கனை நான் நம்பியதில்லை. டோக்கனை எவனும் எடுத்துக்கொண்டு வரலாம். காலை ரயிலுக்கு வண்டியைப் போடுகிறவனின் முகம், அவன் ஸ்டாண்டை எந்தக் காலால் தட்டுகிறான், கேரியரில் என்ன கட்டியிருக்கிறான், எல்லாம் மனதில் போட்டுக்கொள்வேன். சாயங்காலம் வேறு முகம் வந்து அதே டோக்கனை நீட்டினால் "நீ யாருப்பா?" என்பேன். எழுத்து தெரிந்தவன் மறந்தாலும் தப்பில்லை, நோட்டு இருக்கிறது. எனக்கு நோட்டு இல்லை. யாரையும் மறக்க முடியாது, யாரையும் நம்பவும் முடியாது.

அந்தப் புத்தியால் ஒரு தப்பும் செய்தேன். உன் அம்மாவின் தம்பி, உன் மாமன், ஏன் நம் வீட்டுப்படி ஏறுவதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் அவனுக்குத் திமிர் என்று சொன்னேன். ஒருநாள் ஸ்டாண்டிலிருந்து ஒரு புது வண்டி காணாமல் போனது. அன்றைக்கு மதியம் உன் மாமன் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தான். ஸ்டாண்டுக்குள் வந்து போன சொந்தக்காரன் அவன் ஒருத்தன்தான். பத்துப் பேர் நிற்கும்போது, "மச்சான், வண்டிய எங்கடா வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டேன். அவன் டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் போனான். ஒரு மாதம் கழித்து, வண்டிக்காரனின் சொந்த அண்ணனே இன்னொரு சாவி போட்டு எடுத்துப் போனது தெரிந்தது. அதை உன் மாமனிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்தேன். உன் அம்மா அவன் வீட்டு விசேஷங்களுக்குக் கடைசிவரை தனியாகத்தான் போய்வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது குஞ்சு விஷயம். நீ கிளம்பிப் போன மூன்றாம் மாதம் பவானி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்தாள். உள்ளே கீச்சுக்கீச்சென்று பன்னிரண்டு நாட்டுக்கோழிக் குஞ்சு. "இன்னாத்துக்கும்மா? நம்மகிட்டதான் ஆறு கோழி ஒரு சேவல் கீதே" என்றேன். "அதுங்களுக்கு வயசாயிடுச்சி மாமா. எப்பவோ ஒரு முட்டை வைக்குது" என்றாள். வயசாகிவிட்டது என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாளா, கோழியைப் பார்த்தாளா என்று கவனித்தேன். கோழியைத்தான் பார்த்தாள். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

தாயில்லாக் குஞ்சை எப்படி வளர்ப்பாய் என்று கேட்டேன். அடைக்கோழி ஒன்று இருந்தால் இருட்டின பிறகு அதன் இறக்கைக்கடியில் செருகிவிடலாம், விடிந்தால் தான் பொரித்ததென்று நினைத்துக்கொள்ளும். அப்போது நம் கோழி எதுவும் அடைக்கு உட்காரவில்லை. "பல்புதான் மாமா அம்மா" என்றாள். பெட்டிக்குமேல் குண்டு பல்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். தீப்பிடித்துக்கொள்ளும் என்று நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது என்று பல்பை இறக்குவாள். மூலைக்கு மூலை ஓடி வாயைப் பிளந்தால் சூடு அதிகம் என்று ஏற்றுவாள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டாள், குஞ்சு விழுந்து முழுகாமல் இருக்க. நொய்யோடு கருவாட்டுத் தூளைக் கலந்து போட்டாள். வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்க மாட்டாஸ்பத்திரிக்குப் பெட்டியோடு கொண்டுபோய்க் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவந்தாள். மீன் விற்கிற வீட்டுப் பெண்ணுக்குக் கோழியைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். "எல்லாம் போன்ல பார்த்தது மாமா" என்றாள். போனில் எதை எதையெல்லாம் பார்க்கிறாள் என்று அது வேறு கவலை.

ஒருநாள் சொன்னாள், "பெரிய கோழிங்ககிட்ட போயிட்டு வந்தா, கால கழுவிட்டு அப்புறம் குஞ்சுகிட்ட வாங்க மாமா. அதுங்ககிட்ட எதனா நோவு இருந்தா ஒட்டிக்கும்." என் கோழிக்கு நோவாம்! ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது மொட்டைமாடியில் நான்கு நாள் மடியில் வைத்துக் காப்பாற்றிய வம்சம் அது. அன்றுமுதல் காலைக் கழுவினேன், ஆனால் மனதைக் கழுவவில்லை.

அடுத்த வாரம் பின்பக்கத்தைக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தாள். முருங்கை மரத்திலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் ஒரு தரம், அங்கிருந்து சுவர் வரைக்கும் ஒரு தரம். நம் சந்தில் இரண்டு வீடு இப்படித்தான் முதலில் அளந்தார்கள், பிறகு இடித்தார்கள், இப்போது ஐந்து மாடி நிற்கிறது. அவள் போன் பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், தயா. "அம்மா, பதினெட்டு அடி போதும். பழசா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். பதினெட்டு அடியில் என்ன கட்டப்போகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தலை சுற்றியது. மறுநாள் கோவளத்திலிருந்து இவள் அம்மா மீன் கூடையோடு வந்து இறங்கினார்கள். கூடையில் பழைய வலை.

அந்த வலையைத்தான் கழி நட்டுக் குறுக்கே கட்டினாள். அந்தப் பக்கம் குஞ்சு, இந்தப் பக்கம் என் கோழிகள். "மூணு வாரம் ஒண்ண ஒண்ணு பார்த்துக்கினு இருக்கட்டும் மாமா. முறைச்சிக்கும், கொத்த வரும், வலையில முட்டிக்கும். அப்புறம் சலிச்சிப்பூடும். சலிச்சப்புறம் சேர்த்தா அடிச்சிக்காது" என்றாள். குஞ்சுத் தீனியை வலையை ஒட்டி அந்தப் பக்கம் வைத்தாள், கோழித் தீனியை ஒட்டி இந்தப் பக்கம். "மீன்வலையில கோழி கால் மாட்டிக்கினா?" என்றேன். "கண்ணி சின்னது மாமா, தரையோட இழுத்துக் கட்டியிருக்கேன். எங்கப்பா சொல்லிக்குடுத்த முடிச்சு. அலை இழுத்தாலும் அவுறாது" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் இவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

என் கோழிகளில் பெரிய கறுப்புக் கோழிக்கு இன்ஸ்பெக்டர் என்று நான் பேர் வைத்தது உனக்கு நினைவிருக்கும். மற்றதெல்லாம் அது தின்ற பிறகுதான் தின்ன வேண்டும். அது நாள் முழுக்க வலையோரமே நடந்தது, நடந்து நடந்து அந்த இடத்தில் புல்லே இல்லை. முருங்கை நிழல் முழுக்கக் குஞ்சுப் பக்கம் போய்விட்டது. என் கோழிகள் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

வலை கட்டிப் பத்தாம் நாள், தலை ஆடிக்கு அழைக்க இவள் அம்மா வந்தார்கள். புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டில் வைத்துக்கொள்ளாமல் எப்படி? மாப்பிள்ளை இல்லை, இவள் மட்டும் போனாள். அதுவும் குஞ்சு இருக்கிறதென்று இரண்டே நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, "மாமா, வலைய மட்டும் தூக்கிடாதீங்க. உங்கள நம்பித்தான் போறேன்" என்றாள்.

ஆடிக் காற்றில் வலையின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கோழிகள் உள்ளே புகுந்தன. மூன்று குஞ்சுகள் இறந்தன. இதில் யாருடைய தவறும் இல்லை. பவானியின் மேல் நான் போனில் சொன்னது தவறு.

ஆகையால், தயா, நீ இவளைப் பேசியதெல்லாம் என் வாயால் வந்தது. இவள் கோவளத்துக்குப் பஸ் ஏறிவிட்டால் நான் உன் அம்மாவுக்குச் செய்ததை உனக்கும் செய்தவனாவேன். ஒரு வீட்டுக்குத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிற வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால் சொல்கிறேன். என் பேச்சைக் கேட்டுப் பெண்டாட்டியை வையாதே. யார் பேச்சைக் கேட்டும் வையாதே. அப்பன் சொன்னால் அதையும் ஒரு தரம் சந்தேகப்படு. இத்தனை வருஷம் மற்றவர்களைச் சந்தேகப்படச் சொன்னேன், என்னை விட்டுவிட்டேன்.

முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னேன், படித்துக் காட்டினாள். கீழே என் இடது கட்டைவிரல் ரேகை.

தயா, இந்தத் தாளிலிருந்து கையெழுத்து வேறு. நான் இப்போது தாம்பரம் தாலுக்கா ஆபீஸ் வாசலில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். இங்கே மனு எழுதுகிற பாய் எழுதுகிறார். முந்தி அவர் சைக்கிளை என் ஸ்டாண்டில்தான் போடுவார். "ஹேண்டில்ல பச்ச ரிப்பன், மணி அடிக்காது" என்று நான் சொன்னதும், "இன்னா அண்ணே, இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நான் ஏன் வந்தேன் என்று சொல்கிறேன். நேற்றுப் பவானி கடிதத்தைப் படித்துக் காட்டும்போது வரிக்கடியில் விரலை ஓட்டிக்கொண்டே படித்தாள். எழுத்து தெரியாதவன் விரலைத்தான் பார்ப்பான். ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது, வாய் மட்டும் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து விரல் மறுபடி நடந்தது. வாய் சொன்னதெல்லாம் நான் சொன்னதுதான், ஒரு சொல் குறையவில்லை. ஆனால் அது தாளில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏதோ திருட்டு. தபாலில் நானே போடுகிறேன் என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அனகாபுத்தூரிலிருந்து தாம்பரம் வரைக்கும் பஸ்ஸில் அந்தப் பையை யாரையும் தொடவிடவில்லை. என்னவெல்லாம் எழுதியிருப்பாள்? கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றா, முதியோர் இல்லம் என்றா, பதினெட்டு அடி என்றா?

பாய் முதலிலிருந்து படித்தார். என் கோழியை, என் சந்தேகத்தை, கதவுக்குப் பின்னால் நின்றதை, மீன் விற்கிற வீடு என்று நான் சொன்னதை, தன்னைப் பற்றிய அத்தனை குறையையும் அப்படியே எழுதியிருக்கிறாள். இவள் ஆடிக்குப் போன இடம் வந்தது. பாய் நான்கு வரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, இது உங்க பேச்சு மாதிரி இல்லியே. மத்ததெல்லாம் நீங்க எதிர்ல உக்காந்து பேசற மாதிரி கீது. இது எங்க ஆளுங்க மனு எழுதற மாதிரி கீது."

"மறுபடி படிங்க பாய்."

மறுபடி படித்தார். காற்று வந்தது, முடிச்சு அவிழ்ந்தது, யாருடைய தவறும் இல்லை.

நான் அந்த இடத்தில் அவளை எழுதச் சொன்னது இது. அன்றைக்கு மதியம் நான்தான் வலையைத் தூக்கினேன். எவன் ஊரில் வலை கட்டிக் கோழி வளர்த்தான், என் வீட்டில் எனக்கே கோடு போடுகிறாளா என்று போனேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. வெங்காயம் நறுக்குகிற கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தேன். அறுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன், எல்லாம் ஒன்றாக மேயும் என்று. இன்ஸ்பெக்டர் நேராகப் போய் ஒரு குஞ்சின் தலையில் போட்டது. ஒன்று போட்டதும் மற்ற ஐந்தும் கூடிவிட்டன. நான் எழுந்து ஓடுவதற்குள் துவைக்கிற கல் மூலையில் மூன்று கிடந்தது. மற்றவை கல்லுக்கடியில் போய் ஒடுங்கிக்கொண்டன, கை விட்டுத்தான் எடுத்தேன். செத்ததை முருங்கையடியில் புதைத்தேன். பவானி வருவதற்கு முன்னால் உனக்குப் போன் செய்தேன். அவள் வந்ததும், கட்டு அவிழ்ந்துகிடந்தது, சரியாகக் கட்டக்கூடாதா என்றேன். அவள் வலையோரம் குந்திக் கயிற்றை எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, வேறு கயிறு போட்டு வலையை மறுபடி கட்டினாள். அப்போது எனக்குப் புரியவில்லை, கிழவன் சொன்னதை நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். முடிச்சு போட்டபடியே இறுகி இருந்திருக்கிறது, பக்கத்தில் கயிறு கத்தியால் அறுபட்டிருக்கிறது. முதல் நாளே அவளுக்குத் தெரியும். நீ போனில் கத்தியபோதும் தெரிந்துதான் இருந்தது.

இதையெல்லாம் நேருக்கு நேர் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உனக்குக் கடிதம் என்று சொல்லி, அவள் தலை குனிந்து எழுதும்போது அவளிடமே சொல்லிவிட்டேன். பேனா நிற்காமல் ஓடியது. எழுதுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணே, மீனவங்க வூட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்க இல்ல? எங்க தெருவுல ஒருத்தர் படகு வெச்சிருந்தாரு. அவர் போட்ட முடிச்சு அவுந்துபோச்சின்னு எவனா சொன்னா அடிக்க வந்துடுவாரு. இந்தப் பொண்ணு அத தன் கையால எழுதிக் குடுத்துக்கீது" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் அப்பன் சொல்லிக்கொடுத்த முடிச்சு காற்றில் அவிழ்ந்தது என்று எழுதியிருக்கிறாள். மகன் முன்னால் என் தலை குனியக்கூடாது என்று. ஸ்டாண்டில் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன், தயா. வண்டிக்காக, டோக்கனுக்காக. எனக்காக ஒருத்தர் சொன்ன பொய்யை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"இந்த நாலு வரிய அடிச்சிட்டு நெஜத்த எழுதட்டுமா?" என்று பாய் கேட்டார். வேண்டாம், அதில் பேனா வைக்காதீர்கள், வேறு தாள் எடுங்கள் என்றேன்.

நேற்றுப் பொழுது சாயும்போது குஞ்சுகளைச் சேர்த்தோம். கோழிகள் கூண்டுக்குள் ஏறிக் கண் சொருகுகிற நேரம். நான் கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஒவ்வொன்றாகக் கம்பில் உட்காரவைத்தாள். இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில்தான் கடைசிக் குஞ்சுக்கு இடம் இருந்தது. அந்தக் கறுப்புக் கோழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். திரும்பக் கண்ணை மூடிக்கொண்டது. காலையில் எல்லாம் ஒன்றாக இறங்கின. தீனித் தட்டில் இன்ஸ்பெக்டர் குஞ்சுகளை ஒரு கொத்துக் கொத்தித் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு தட்டைத் தள்ளி வைத்தாள், தள்ளிவிடப்பட்டதெல்லாம் அதில் தின்றன. வலையைச் சுருட்டி மாட்டிவிட்டாள். நான் தாம்பரம் கிளம்பும்போது துணிப்பை கதவோரம்தான் இருந்தது. எப்போது போகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. "சாயங்காலம் கூண்ட மூட நேரத்தோட வந்துடுங்க மாமா, தனியா எனக்குப் புடிக்க வராது" என்றாள்.

இந்தத் தாள்களைப் பாய் படம் பிடித்து உன் போனுக்கு இப்போதே அனுப்புகிறேன் என்கிறார். தபாலிலும் வரும். பார்த்ததும் அவளைக் கூப்பிடு. எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடு. நீ செய்த தப்புக்கு நீ மன்னிப்புக் கேள், என்னை இழுக்காதே. முடிச்சைப் பற்றி அவள் சொல்வதை நம்பியதாகவே இரு. அவள் அறிய வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். நீ அறிய வேண்டியது இதில் இருக்கிறது. உன் மாமன் நம்பர் உன்னிடம் இருந்தால் எனக்கு வேண்டும்.

பாய் எழுதிய தாளைப் படித்ததும் கிழித்துவிடு. பவானி எழுதியதை வைத்துக்கொள். நான் சீக்கிரம் போக வேண்டும், கூண்டை மூடுகிற நேரமாகிறது.